செஸ்ட் எக்ஸ்ரேயை வைத்து மாணவ ரேடியோகிராபரைப் பழக்குவது எப்படி

எக்ஸ்ரே அறைக்குப் புதிதாக வரும் மாணவருக்கு எந்தப் படத்திலிருந்து தொடங்குவது என்று கேட்டால், தயங்காமல் செஸ்ட் பி.ஏ. (கதிர் முதுகுப் பக்கம் நுழைந்து முன்பக்கம் வெளிவரும் மார்புப் படம்) என்று சொல்லலாம். ஓ.பி. வரிசையில் அதிகம் வருவது அதுதான் என்பது ஒரு காரணம். பொசிஷன், மூச்சு, தூரம், கே.வி. (கதிர் எவ்வளவு ஊடுருவும் என்பதைத் தீர்மானிக்கும் மின்னழுத்தம்), கிரிட் (சிதறிய கதிரைத் தடுக்கும் ஈயப் பட்டைத் தட்டு), உடற்கூறு, நோயாளியிடம் பேசும் பேச்சு எல்லாமே அந்த ஒரு படத்துக்குள் அடங்கியிருப்பது இன்னொரு காரணம். செஸ்ட்டை ஒழுங்காக எடுக்கத் தெரிந்த பிள்ளைக்கு முட்டியும் இடுப்பும் சீக்கிரம் பிடிபடும்.

ஃபிலிம் காலத்தில் எம்.ஏ.எஸ். (கதிரின் அளவு, டியூப் மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கியது) கூடினால் படம் கறுத்துப்போகும், குறைந்தால் வெளிறிப்போகும். டார்க் ரூமிலிருந்து வெளியே வரும்போதே தப்பு கையில் இருக்கும். இப்போது சி.ஆர். (கேசட்டை ரீடரில் போட்டுப் படிப்பது), டி.ஆர். (டிடெக்டரே நேராகப் படம் தருவது) இரண்டிலுமே கம்ப்யூட்டர் படத்தைத் தேற்றிக் கொடுத்துவிடுகிறது. வேண்டியதைப்போல் நாலு மடங்கு டோஸ் போயிருந்தாலும் திரையில் படம் அழகாகத்தான் இருக்கும். அதனால் மாணவர் தன் தப்பைப் படத்திலிருந்து தானே கற்றுக்கொள்வார் என்று விட்டுவிட முடியாது. பட்டனை அழுத்துவதற்கு முன்னால் நோயாளியைப் பார்க்கும் கண்ணைத்தான் நாம் பழக்க வேண்டும்.

முதல் வாரம்: கை ஸ்விட்சுக்குப் போகக் கூடாது

முதல் நாளே டி.எல்.டி. பேட்ஜ் (அணிந்தவர் வாங்கிய கதிரை அளப்பது) கொடுத்து, அதை மார்பு மட்டத்தில், லெட் ஏப்ரனுக்கு உள்ளே அணியச் சொல்லுங்கள். பேட்ஜுக்குள் இருப்பது டிஸ்புரோசியம் கலந்த கால்சியம் சல்ஃபேட் வில்லைகள். கதிர்ப் பதிவை அவை சேர்த்து வைத்திருந்து, பின்னால் சூடாக்கும்போது ஒளியாக வெளியே விடும். எனவே வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டியில் பேட்ஜைப் போட்டுவிட்டுப் போகக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது அளவீட்டுக்குப் போய்விடும், அன்றைக்குப் புதுப் பேட்ஜ் கையில் இருக்க வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்த அளவுகளையும் அன்றே சொல்லிவிடுங்கள். கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. 16 முதல் 18 வயதுக்குட்பட்ட பயிற்சி மாணவருக்கு ஆண்டுக்கு 6. பொதுமக்களுக்கு 1.

பழகுவதற்காக ஒரு மாணவர் இன்னொரு மாணவருக்கு எக்ஸ்போஷர் கொடுப்பது கூடவே கூடாது. நோயாளியைப் பிடித்துக்கொள்ள மாணவரை அனுப்பவும் கூடாது. குழந்தையையோ நிற்க முடியாதவரையோ பிடித்தே ஆக வேண்டுமென்றால் கர்ப்பமில்லாத ஓர் உறவினருக்கு ஏப்ரன் மாட்டிவிட்டுப் பிடிக்கச் சொல்லலாம். மாணவரை நிற்க வைக்கும் பழக்கம் சில அறைகளில் இன்னும் இருக்கிறது. அது நிற்க வேண்டும்.

முதல் வாரம் முழுக்க விரல் வேலை. மாணவர்கள் தங்கள் உடம்பிலும் தோழர் உடம்பிலும் தொட்டு அடையாளம் காணட்டும். கழுத்தைக் குனிந்தால் பின்பக்கம் துருத்தித் தெரியும் எலும்பு சி 7 (முதுகெலும்பில் கழுத்துப் பகுதியின் ஏழாவது எலும்பு; டி என்றால் மார்புப் பகுதி, எல் என்றால் இடுப்புப் பகுதி). முன்கழுத்துக் குழி டி 2–3 மட்டம். மார்பெலும்பில் மேடாகத் தட்டுப்படும் இடம் டி 4–5. கைகளைத் தொங்கவிட்டு நிற்கும்போது தோள்பட்டை எலும்பின் கீழ் முனை டி 7. இடுப்பெலும்பின் மேல்விளிம்பு எல் 4–5. புத்தகத்தில் எலும்புக்கூடு படம் பார்த்து மனப்பாடம் செய்தது, கொழுத்த உடம்பில் கை வைக்கும்போது உதவாது. தடவித் தேடி எலும்பைக் கண்டுபிடித்த விரல்தான் உதவும்.

இங்கே ஒரு நுணுக்கம். செஸ்ட்டுக்கு சென்டரிங் (கதிரின் நடுப்புள்ளி விழ வேண்டிய இடம்) டி 7-இல். ஆனால் தோளை முன்னால் உருட்டியதும் தோள்பட்டை எலும்பு வெளிப்பக்கம் நகர்ந்துவிடும், அதன் கீழ் முனையை நம்பினால் சென்டர் தப்பும். சி 7-இலிருந்து கீழே அளப்பதே பத்திரம். பெண்களுக்கு ஏறக்குறைய 18 செ.மீ., ஆண்களுக்கு 20 செ.மீ. நன்றாக விரித்த கையின் ஒரு சாண் அதை ஒட்டித்தான் வரும். ஒவ்வொரு மாணவரும் தன் சாண் எத்தனை செ.மீ. என்று ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். பிறகு அந்தக் கைதான் அவர் அளவுகோல், வாழ்நாள் முழுக்க.

நோயாளி உள்ளே வந்ததும்

“நீங்கதானே முருகன்?” என்று கேட்டால் ஓ.பி. இரைச்சலில் யாரும் “ஆமாங்க” என்றுவிடுவார்கள். “உங்க பேரு என்னங்க? வயசு?” என்று கேட்டு, அவர் வாயால் சொல்ல வைத்துச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். பிள்ளை பெறும் வயதுப் பெண்ணென்றால், மற்றவர் காதில் விழாமல், “நாள் தள்ளிப்போயிருக்கா?” என்று கேட்க வேண்டும். கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் அதைக் கேட்பது. ஆண் மாணவர் தயங்கினால் பெண் பணியாளரைக் கூப்பிடலாம், கேட்காமல் மட்டும் விடக் கூடாது.

அடுத்து, படத்தில் விழக்கூடிய பொருள்கள். நம்மூரில் அடிக்கடி விழுபவை தாலிச் சங்கிலி, தாயத்து, ரவிக்கைக் கொக்கி, சடை. தாலியைக் கழற்றச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. அப்படிச் சொன்னால் பாதிப் பேர் முகம் சுண்டிப்போகும். “மேலே தூக்கி வாயில கவ்விக்கோங்கம்மா” என்றால் போதும், நுரையீரல் மேல்முனைக்கு மேலே போய்விடும். மஞ்சள் கயிற்றில் கோத்திருக்கும் ஊக்கைக் குறிப்பாகக் கேட்க வேண்டும், சங்கிலியைத் தூக்கியவர்கள் ஊக்கை மறந்துவிடுவார்கள். ஈரச் சடையோ தடித்த பின்னலோ தோள்மேல் கிடந்தால் நுரையீரலின் மேல்பகுதியில் மங்கலான திட்டாக விழும். காசநோய் அதிகம் குடிகொள்ளும் இடமும் அந்த மேல்பகுதிதான் என்பதால், ஒரு சடையால் டாக்டர் வழிதவற முடியும். சடையைத் தலைக்குமேல் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

பொசிஷன்

நோயாளி ஸ்டாண்டைப் பார்த்து நிற்கிறார். பாதங்கள் சற்று அகன்று, எடை இரண்டு காலிலும் சமமாக. ஒரு காலில் சாய்ந்து நின்றால் மார்பு தானே திரும்பிவிடும். மாணவர் பாதத்தைப் பார்க்காமல் தோளையே பார்த்துக்கொண்டிருப்பதால் இது கண்ணுக்குத் தப்பும். கேசட்டின் அல்லது டிடெக்டரின் மேல்விளிம்பு தோளுக்கு 4–5 செ.மீ. மேலே. தாடை நிமிர்ந்து ஸ்டாண்டுக்கு மேலே. புறங்கைகள் இடுப்பில், முழங்கையும் தோளும் முன்னால் உருண்டு ஸ்டாண்டைத் தொடும்படி. நோயாளி தளர்ந்திருந்தால் ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்துக்கொள்ளச் சொல்லலாம், தோள்பட்டை எலும்பு அப்போதும் நுரையீரலை விட்டு விலகும். கடைசியாகத் தோள்களைக் கீழே தளர்த்தச் சொல்லுங்கள். பெரிய மார்பகம் இருந்தால் அவரே மேலும் வெளிப்பக்கமுமாக நகர்த்தி ஸ்டாண்டோடு ஒட்டிக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் சி.பி. ஆங்கிள் (நுரையீரலின் கீழ் வெளி மூலை) இரண்டும் மறைந்துபோகும்.

டியூபிலிருந்து டிடெக்டர் வரை 180 செ.மீ. ஏன் முதுகு டியூபைப் பார்க்க வேண்டும், ஏன் இவ்வளவு தூரம் என்று மாணவர் கேட்டால், சுவரில் டார்ச் அடித்துக் கையை முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டுங்கள். சுவரை ஒட்டிய கையின் நிழல் கையளவு, டார்ச்சுக்குப் பக்கத்தில் போனால் பெருத்துப்போகும். கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம். இதயம் டிடெக்டரிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருந்தால், 180 செ.மீ. தூரத்தில் நிழல் 180-ஐ 170-ஆல் வகுத்தால் வரும் 1.06 மடங்கு. மல்லாக்கப் படுக்க வைத்து 100 செ.மீ.யில் எடுத்து, இதயம் 20 செ.மீ. தள்ளிப் போனால் 1.25 மடங்கு. அந்தப் படத்தை வைத்து இதயம் வீங்கியிருக்கிறது என்று யாரும் முடிவு சொல்ல முடியாது.

கதிர் விழும் பரப்பைக் குறுக்கும் கொலிமேட்டரைப் பக்கவாட்டில் தோல் விளிம்பு வரை, மேலே நுரையீரல் முனை அடங்கும்படி, கீழே விலா விளிம்பு வரை மூட வேண்டும். அகலத் திறந்துவிட்டுப் பிறகு கம்ப்யூட்டரில் வெட்டுவது கொலிமேஷன் ஆகாது, அந்த டோஸ் ஏற்கெனவே வயிற்றுக்குப் போய்விட்டது. வலமா இடமா என்று காட்டும் ஈய எழுத்து மார்க்கரை எக்ஸ்போஷருக்கு முன்னால் ஒட்ட வேண்டும், பின்னால் மவுசால் போடுவதல்ல. இதயம் வலப்பக்கம் இருப்பவர்களும் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் படத்தைத் திருப்பிப்போட்டு மார்க்கரும் போட்டுவிட்டால் அது என்றைக்கும் தெரியவராது.

பிறகு மூச்சு. முதலில் ஒருமுறை மாணவர் செய்து காட்டி, நோயாளியும் செய்து பார்க்கட்டும். “மூச்சை நல்லா இழுங்க… விடுங்க… இன்னொரு தடவை நல்லா இழுங்க… அப்படியே பிடிச்சுக்குங்க.” இரண்டாவது மூச்சில்தான் நுரையீரல் நன்றாக விரியும். சிலர் மூச்சிழுக்கும்போது தோளையும் தூக்குவார்கள், மார்பு விரியாது. அதைக் காண மாணவர் கண் கன்சோலில் இருக்கக் கூடாது, லெட் கண்ணாடி வழியாக நோயாளிமேல் இருக்க வேண்டும். ஸ்விட்சின் முதல் நிலையை இரண்டாவது மூச்சு தொடங்கும்போது அழுத்தினால், டியூபுக்குள் சுழலும் ஆனோடு முழு வேகம் பிடிக்கும் நேரமும் மூச்சு நிறையும் நேரமும் ஒன்றாகும். முதல் நிலையிலேயே வெகுநேரம் பிடித்துக்கொண்டிருப்பது ஃபிலமென்ட்டுக்கும் பேரிங்குக்கும் கேடு. அழும் குழந்தைக்குச் சொல்லிப் பயனில்லை, ஓர் அழுகைக்கும் அடுத்த அழுகைக்கும் நடுவே இழுக்கும் மூச்சுக்காகக் காத்திருந்து அழுத்த வேண்டும். முடிந்ததும் “இப்போ மூச்சு விடலாம்” என்று சொல்ல மாணவர்கள் மறப்பார்கள். வயதானவர்கள் சொன்னதை அப்படியே நம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

எக்ஸ்போஷர்

கிரிட் உள்ள ஸ்டாண்டில் 110–125 கே.வி., 2–4 எம்.ஏ.எஸ். கிரிட் இல்லாமல் எடுத்தால் 70 கே.வி. அளவில், 4–5 எம்.ஏ.எஸ். இவை தொடக்கப் புள்ளிகள். உங்கள் அறைக்கென்று சார்ட் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். உயர்ந்த கே.வி.யில் விலா எலும்புகள் மங்கி, இதயத்துக்குப் பின்னாலிருக்கும் நுரையீரலும் தெரியும். நேரம் சுருங்கட்டும். 200 எம்.ஏ.வில் 0.01 விநாடி கொடுத்தால் 2 எம்.ஏ.எஸ்., இதயத் துடிப்பு படத்தை மங்கடிக்க நேரமில்லை.

இரண்டு கணக்குகள் மாணவர் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். கே.வி.யை 15 விழுக்காடு ஏற்றினால் எம்.ஏ.எஸ்.ஸைப் பாதியாக்கலாம், 70-லிருந்து 80 போனால் 8 எம்.ஏ.எஸ். 4 ஆகும். தூரம் மாறினால் அதன் வர்க்கப்படி மாறும். 180-க்கும் 100-க்கும் உள்ள விகிதம் 1.8, வர்க்கம் 3.24. 180 செ.மீ.யில் 5 எம்.ஏ.எஸ். கேட்ட உடம்புக்கு 100 செ.மீ.யில் 1.5 போதும். ஸ்ட்ரெச்சரில் எடுக்கும்போது இந்தக் கணக்கை மறந்து பழைய எண்ணையே போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு, டி.ஆர். படம் அதைக் காட்டிக்கொடுக்காது.

காட்டிக்கொடுப்பது எக்ஸ்போஷர் எண். டீவியேஷன் இண்டெக்ஸ் (வேண்டிய அளவிலிருந்து எவ்வளவு விலகல் என்ற எண்) வரும் மெஷினில் பூஜ்யம் என்றால் சரியான அளவு, +3 என்றால் இரண்டு மடங்கு, –3 என்றால் பாதி. பழைய சி.ஆர். மெஷின்களில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மொழி. ஃபியூஜியின் எஸ் எண் தலைகீழ்: 200 இருந்த இடத்தில் 400 வந்தால் டோஸ் பாதியாகியிருக்கிறது. கொடாக், கேர்ஸ்ட்ரீம் மெஷினில் எண் 300 ஏறினால் டோஸ் இரட்டிப்பு. ஆக்ஃபாவில் 0.3 ஏறினால் இரட்டிப்பு. ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் மாணவர் அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லட்டும். டோஸ் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாக வந்து டாக்டரிடம் திட்டு வாங்க வேண்டும். கூடினால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அதனால்தான் கேட்பாரில்லாமல் மாதக்கணக்கில் எம்.ஏ.எஸ். ஏறிக்கொண்டே போகிறது.

ஏ.இ.சி. (போதுமான கதிர் வந்ததும் எக்ஸ்போஷரைத் தானே நிறுத்தும் அமைப்பு) உள்ள அறையில், கதிரை அளக்கும் மூன்று சேம்பர்களில் பி.ஏ.வுக்குப் பக்கத்துச் சேம்பர்கள் இரண்டையும் போட வேண்டும். நடுச் சேம்பர் முதுகெலும்புக்கு நேரே இருப்பதால் அதைப் போட்டால் எக்ஸ்போஷர் வீணாக நீளும். பக்கவாட்டுப் படமான லேட்டரலுக்கு நடுச் சேம்பர். நோயாளி நடுவில் நிற்காமல் ஒரு சேம்பருக்கு நேரே வெறும் காற்று இருந்தால், மெஷின் முன்கூட்டியே நின்றுபோய்ப் படம் புள்ளி தட்டும்.

படத்தைப் பார்க்கப் பழக்குவது

நோயைத் தேடுவதற்கு முன்னால் படத்தின் தரத்தை ஒரே வரிசையில் சொல்லப் பழக்குங்கள்: பேர், பக்கம், முழு நுரையீரல், திருப்பம், மூச்சு, எக்ஸ்போஷர், வேற்றுப் பொருள். இதில் திருப்பம்தான் அதிக நேரம் செலவழிக்கத் தகுந்தது. இரண்டு காலர் எலும்புகளின் உள்முனைகளும் நடுவில் முதுகெலும்பு முள்ளிலிருந்து சம தூரத்தில் இருந்தால் மார்பு நேராக நிற்கிறது. பி.ஏ. படத்தில் எந்தப் பக்கத்து முனை விலகித் தெரிகிறதோ, அந்தப் பக்கத் தோள் டிடெக்டரை விட்டு விலகியிருக்கிறது. ஏ.பி. படத்தில் (கதிர் முன்பக்கம் நுழைந்து முதுகுப் பக்கம் வெளிவருவது) இது நேர் எதிர். விலகித் தெரியும் பக்கமே டிடெக்டரை ஒட்டியிருக்கிறது. எலும்புக்கூடு மாடலைக் கையில் பிடித்துத் திருப்பிக் காட்டினால் ஒரு நிமிடத்தில் புரியும், கரும்பலகையில் வரைந்தால் ஒரு மணி நேரமானாலும் குழப்பம்தான். திரும்பிய படத்தில் ஒரு நுரையீரல் மற்றதைவிடக் கறுப்பாகத் தெரிந்து இல்லாத நோயைக் காட்டும்.

மூச்சு போதுமா என்று பார்க்கப் பின்பக்க விலா எலும்புகளை எண்ண வேண்டும், உதரவிதானத்துக்கு மேலே 9 அல்லது 10. மாணவர்கள் முன்பக்க விலாவை எண்ணிவிட்டு, “ஆறுதான் சார் இருக்கு, ரிப்பீட் எடுக்கட்டுமா?” என்பார்கள். முதுகெலும்பிலிருந்து கிடையாகப் புறப்படுவது பின்பக்கம், சரிந்து இறங்கி வருவது முன்பக்கம். காலர் எலும்புக்கு மேலே நுரையீரல் முனை ஏறக்குறைய 2.5 செ.மீ. தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நோயாளி பின்னால் சாய்ந்து நின்றிருக்கிறார். இதய நிழலுக்குள் முதுகெலும்பு இலேசாகத் தெரிய வேண்டும்.

மெஷின் தரும் தப்புகளையும் கண் பிடிக்க வேண்டும். படத்தின் இரு ஓரங்களும் வெளுத்து நடுப்பட்டை மட்டும் நன்றாக இருந்தால் கிரிட்டைத் தலைகீழாகச் சொருகியிருக்கிறார்கள், அல்லது 100 செ.மீ. கிரிட்டை 180-இல் போட்டிருக்கிறார்கள். சி.ஆர். கேசட்டில் பழைய படத்தின் பேய் நிழல் தெரிந்தால் அழிப்பு சரியாக நடக்கவில்லை. இரண்டு மூன்று நாள் சும்மா கிடந்த கேசட்டைக் காலையில் ஒருமுறை அழித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும், சுற்றிலும் சிதறிய கதிரை அது சேர்த்து வைத்திருக்கும்.

நோயாளி இல்லாத மதியங்களில் 5 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று நல்ல வாத்தியார். கேனுக்கு அடியில் ஒரு சாவியை வைத்து, கொலிமேட்டரை அகலத் திறந்து ஒன்று, இறுக்கி மூடி ஒன்று, கிரிட்டோடு ஒன்று எடுத்து, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். சிதறல் கதிர் என்றால் என்னவென்று அதற்குப்பிறகு விளக்க வேண்டியிருக்காது. அதே கையோடு காசு வைத்து வெளிச்சமும் கதிரும் ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துவிடலாம். வெளிச்ச விளிம்பின் நாலு பக்கமும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்றாக, விளிம்பைத் தொட்டபடி காசுகளை வைத்து எடுக்க வேண்டும். 100 செ.மீ. தூரத்தில் 2 செ.மீ.க்கு மேல் விலகினால் இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும்.

நடக்க முடியாதவர்

மாணவர் ஓ.பி.யில் தேறிய பிறகே ஐ.சி.யூ.வுக்கு. அங்கே ஏ.பி. படம்தான் வரும். படத்தில் “ஏ.பி.”, படுத்தா உட்கார்ந்தா, எவ்வளவு தூரம் என்று எழுத வேண்டும். படுத்திருப்பவரின் மார்பில் நீர் இருந்தால் அது மட்டமாகத் தெரியாது, பின்பக்கமாகப் பரவி ஒரு பக்கம் முழுக்க மங்கலாக இருக்கும். கொஞ்சமேனும் நிமிர்த்த முடியுமா என்று செவிலியரிடம் கேட்பது அதனால்தான். ஈ.சி.ஜி. ஒயர்களை மார்பின் ஓரத்துக்கு ஒதுக்கலாம், மற்ற குழாய்கள் எதையும் மாணவர் தானாகத் தொடக் கூடாது. “எக்ஸ்ரே எடுக்கிறோம்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, எல்லாரும் 2 மீட்டராவது விலகியதும்தான் அழுத்துவது.

ரிப்பீட் நோட் ஒன்று அறையிலேயே இருக்கட்டும். தேதி, எந்தப் படம், ஏன் மறுபடி எடுத்தது, யார் எடுத்தது. மாதக் கடைசியில் மொத்தப் படங்களால் வகுத்துப் பாருங்கள். டிஜிட்டல் அறைக்கு 8 விழுக்காடு நல்ல இலக்கு, 10-ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். பெயரைச் சொல்லித் திட்டுவதற்கு அந்த நோட்டைப் பயன்படுத்தினால், அடுத்த மாதத்திலிருந்து யாரும் உண்மையை எழுத மாட்டார்கள்.

தனியாக விடுவதற்கு முன்னால் ஐந்து வகை நோயாளிகளிடம் சோதித்துப் பாருங்கள்: நடக்கும் ஆண், நடக்கும் பெண், காது கேட்காத முதியவர், குழந்தை, ஸ்ட்ரெச்சர். ஐந்திலும் நீங்கள் வாய் திறக்காமல் நிற்க முடிந்தால் கையெழுத்துப் போடுங்கள். அதுவரை ஒவ்வொரு எக்ஸ்போஷருக்கும் தகுதி பெற்ற ரேடியோகிராபர் பக்கத்தில் இருக்க வேண்டும். ரிப்பீட்டுக்கு மட்டும், கையெழுத்துக்குப் பிறகும், ஒரு மூத்தவர் வந்து முதல் படத்தைப் பார்த்து, எதை மாற்றப்போகிறாய் என்று கேட்டுப் பதில் வந்த பிறகே இரண்டாவது எக்ஸ்போஷர்.